நம் வெற்றியை நாமே வரையறுத்தால், அது அளவுகோலா, சாக்கா?

கேள்வி (மார்த்தாண்டம்):

அனைவருக்கும் வணக்கம். வேதியியலில் முதுகலை முடித்து, சென்னையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி அப்பாவுடன் தேனீ வளர்க்கிறேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பருவம்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். ரப்பர் பூவிலிருந்து தேன் வருகிறது என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் கசியும் மதுவைத்தான் தேனீக்கள் சேகரிக்கின்றன. அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வீட்டுச் செலவுக்குக் குறைவில்லை, கடனும் இல்லை.

ஆனால் கல்யாண வீடுகளில், "இவ்வளவு படித்துவிட்டு இங்கேயா இருக்கிறாய், மக்களே?" என்று பெரியம்மா கேட்கும்போது எனக்குப் பதில் வருவதில்லை. வெற்றி என்பது அவரவர் வகுத்துக்கொள்வது என்று பலரும் ஆறுதல் சொல்கிறார்கள். அதில்தான் எனக்கு ஐயம். எட்டாததை விட்டுவிட்டு, எட்டியதற்கு வெற்றி என்று பெயர் சூட்டிக்கொள்கிறேனா என்பதை நான் எப்படிக் கண்டறிவது?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்):

மகளே, பெரியம்மாவின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. படிப்புக்கேற்ற வேலை உள்ளூரில் குறைவாக இருந்ததால், திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போனவர்கள்தான் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் அவர் பேசுகிறார்.

புறவயமான அளவுகோல் கிடைக்காத இடத்தில் மனிதர்கள் பிறரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிடுகிறார்கள் என்று 1954இல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். சம்பளத்தையும் மாடி வீட்டையும் யாரும் ஒப்பிட்டுவிடலாம். நோயுற்ற ஒரு தேனீக் கூட்டத்தைக் காப்பாற்றும் கைப்பக்குவத்தைப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு யார் அளப்பது?

உங்கள் ஐயத்துக்கு நான் தரக்கூடிய சோதனை ஒன்றுதான்: உங்கள் வரையறைப்படி நீங்கள் தோற்பதற்கு வழி இருக்கிறதா? "மனநிறைவோடு வாழ்வதே வெற்றி" என்று வைத்துக்கொண்டால், எப்படிப்பட்ட ஆண்டையும் அதற்குள் அடக்கிவிடலாம். "மழைக்காலப் பஞ்சத்தில் கூட்டங்களைச் சாகவிடாமல் கரையேற்றுவேன், அப்போது தீவனமாகக் கொடுக்கும் சீனிப்பாகு விற்பனைத் தேனில் கலக்க விடமாட்டேன்" என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், ஆண்டு முடிவில் ஆம் அல்லது இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். விளைவைப் பார்த்த பிறகு எழுதுவது கணக்கில் சேராது.

பதில் (தூத்தூர்):

ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். தங்கச்சி, கடன் இல்லை என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. நான் விசைப்படகில் ஸ்ராங்காக, அதாவது படகை நடத்திச் செல்பவனாக, இருக்கிறேன். ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு. செலவுக்கே மீன் படாமல் கரை சேரும்போது, வெற்றியைப் பற்றிய என் சொந்த வரையறை பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டாது.

இருந்தாலும் எனக்கும் ஒன்று உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, எங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு, கடலின் போக்கு சரியில்லை என்று தெரிந்தால், மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தாலும் படகைத் திருப்பிவிடுவேன். கூட வந்த அத்தனை பேரையும் கரை சேர்ப்பதே எனக்கு நல்ல பயணம். அதனால் பங்கு குறைந்திருக்கிறது, உடன் வந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள், முதலாளியும் கோபப்பட்டிருக்கிறார். இத்தனை இழப்பையும் தாங்கி அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான், அது சாக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்ல முடிகிறது. நீங்கள் வகுத்துக்கொண்டதற்காக நீங்கள் எதை இழக்கிறீர்கள் என்று பாருங்கள்.

பதில் (குலசேகரம்):

பெரியம்மாவுக்கு என்ன சொல்வது என்பதை யாரும் எழுதவில்லை. அவரைக் கையோடு தோட்டத்துக்கு அழைத்துப் போய், ஒரு பெட்டியைத் திறந்து, தேன் நிரம்பி மெழுகால் மூடிய தேனடையைக் காட்டுங்கள். நேரில் பார்த்தவர் அடுத்த கல்யாண வீட்டில் வேறு மாதிரிப் பேசுவார்.

கேட்டவர் (மார்த்தாண்டம்):

மூவருக்கும் நன்றி. தூத்தூர் அண்ணனின் கேள்வி இரவு முழுவதும் மனத்தில் ஓடியது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி இங்கே பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் அழிந்தபோது, பலர் இந்தத் தொழிலையே விட்டார்கள். அப்பா மரப்பொந்துகளில் இருந்த கூட்டங்களைப் பிடித்துவந்து மறுபடியும் தொடங்கினார். அதை அவர் வெற்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நான் ஊருக்கு வந்தது அதைப் பார்த்துத்தான், ஆய்வக வேலை கைகூடாமல் அல்ல. சென்னைச் சம்பளத்தில் பாதிதான் இப்போது கிடைக்கிறது என்பதும், அது தெரிந்தே வந்தேன் என்பதும் உண்மை.

ஆகவே நோட்டில் மூன்று வரி எழுதியிருக்கிறேன்: மழைக்காலத்தில் எத்தனை கூட்டங்கள் பிழைக்க வேண்டும், நோய் தாங்கிய கூட்டங்களிலிருந்து எத்தனை புதிய கூட்டங்களைப் பிரிக்க வேண்டும், ஒரு பருவம் பொய்த்தாலும் வீடு நடக்க எவ்வளவு சேமிப்பு வேண்டும். மூன்றாவதை அண்ணனுக்காகவே சேர்த்தேன். எண்களை அப்பாவிடம் காட்டினேன்; முதல் எண் குறைவு என்று சொல்லி அவரே திருத்தினார். ஆவணி முடிந்ததும், எப்படி இருந்தாலும், கணக்கை இங்கே எழுதுகிறேன்.