காமர்ஸ் குரூப்பில் சேரும் மகளுக்கு டேலி கோர்ஸுக்கும் இப்போதே பணம் கட்டலாமா?

திருமங்கலம் ஹார்டுவேர்:

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகள் பத்தாவதில் 431 எடுத்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் இருக்கிற குரூப்தான் வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். மச்சான் வந்து, "இவ்வளவு மார்க் எடுத்த பிள்ளையைப் போய் காமர்ஸில் போடுறீங்களே" என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். எனக்கும் இரண்டு நாள் தூக்கம் இல்லை. ஆனாலும் பிள்ளை ஆசைப்படுகிறாள், சரி என்று முடிவெடுத்துவிட்டோம்.

என் கேள்வி வேறு. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எம்.எஸ். ஆபீஸ், டேலி (கணக்கு எழுதுகிற மென்பொருள்), டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைப்பது) மூன்றும் சேர்த்து 6 மாதத்துக்கு 18,500 ரூபாய் கேட்கிறார்கள். இந்த வாரமே கட்டினால் 2,000 குறைப்பார்களாம். தமிழ் மீடியம் படித்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவது போதுமா?

உசிலம்பட்டி டீச்சர்:

சார், இந்த குரூப் எடுத்தால் பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் போக முடியாது. அது மட்டும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். மற்றபடி கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பிளஸ் ஒன்னில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ், அப்புறம் எச்.டி.எம்.எல். பிளஸ் டூவில் பேஜ்மேக்கர், பி.எச்.பி., மின்வணிகம். சென்டரில் சொல்கிற ஆபீஸும் டிடிபியும் பெரும்பாலும் இதற்குள்ளேயே வந்துவிடும். கால்க்கில் போடுகிற சூத்திரம் தெரிந்த பிள்ளைக்கு எக்செல் கஷ்டமே இல்லை. செய்முறைக்கு 20 மார்க் இருக்கிறது. அந்த லேப் பீரியடை வீணாக்காமல் உட்காரச் சொல்லுங்கள்.

கீழமாசி கணக்கு:

தம்பி, நான் கீழமாசி வீதியில் ஒரு வத்தல், மல்லி மொத்தக் கடையில் 24 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சிட்டையிலிருந்து குறிப்பேடு, குறிப்பேட்டிலிருந்து பேரேடு என்று கையால் எழுதிப் பழகி, அப்புறம் டேலிக்கு வந்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் எங்கள் கடைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். கையில் டேலி சான்றிதழ். எஃப்5 என்றால் பேமென்ட், எஃப்8 என்றால் சேல்ஸ், எஃப்9 என்றால் பர்ச்சேஸ் என்று கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பாள். குண்டூரிலிருந்து வந்த வத்தல் பில்லைக் கொடுத்தேன். 84,000 ரூபாய் சரக்கு, 5 சதவீதம் வரி, 4,200. அதை 2,100, 2,100 என்று மத்திய வரி, மாநில வரியாகப் பிரித்துப் போட்டுவிட்டாள். ஆந்திராவிலிருந்து வந்த சரக்குக்கு முழுசும் ஐ.ஜி.எஸ்.டி. என்கிற வெளிமாநில வரியில் போக வேண்டும். புதிதாக அந்த வியாபாரி பெயரில் கணக்கு தொடங்கும்போது, மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாடு என்று விட்டிருக்கிறாள். பில்லில் இருந்த ஜி.எஸ்.டி. எண் 37 என்று ஆரம்பிக்கிறது, அதுதான் ஆந்திரா. நமக்கு 33. அந்த இரண்டு இலக்கத்தைப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டேலி எதுவும் சொல்லவில்லை. பற்றும் வரவும் ஒத்துப்போனால் அதற்குப் போதும். இருப்பாய்வு, அதாவது இரண்டு பக்கமும் கூட்டி ஒப்பிடுகிற பட்டியல், அழகாகச் சரியாக வந்தது. அடுத்த மாதம் 14ஆம் தேதி, நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தருகிற 2பி அறிக்கையை வைத்து ஒவ்வொரு பில்லாக டிக் அடிக்கும்போதுதான் இடித்தது. அந்தப் பெண் அழுதேவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவளிடம் பணம் வாங்கிக்கொண்டு பட்டனை மட்டும் காட்டி அனுப்பியவர்கள் மேல்தான் கோபம். இப்போது அவள்தான் எங்கள் கடையில் வெளிமாநில பில் எல்லாம் பார்க்கிறாள்.

அதனால் 18,500 இப்போது வேண்டாம். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமே டேலிதான். டேலியை, படிக்கிறவர்களுக்கென்று இருக்கிற 'எஜுகேஷனல் மோட்'இல் காசு கட்டாமலே கணினியில் போட்டுப் பழகலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிய விடும், படிக்கிற பிள்ளைக்கு அது தாராளம். ஆனால் அதுவும் பிறகுதான். முதலில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, உங்கள் கடை பில்களை அவளையே எழுதச் சொல்லுங்கள். பைப் வாங்கியது, பெயிண்ட் கடனுக்குக் கொடுத்தது, கடை வாடகை, எல்லாம். எதைப் பற்றில் வைப்பது, எதை வரவில் வைப்பது என்று அவள் தடுமாறட்டும். தமிழ் மீடியம் என்று பயப்படவே வேண்டாம். பற்று என்பதை ஆபீஸில் டெபிட் என்பார்கள், ஒரு வாரத்தில் வாயில் வந்துவிடும்.

மேலூர் டைப்பிஸ்ட்:

அக்கா சொல்வது கடை வேலைக்குச் சரி. ஆனால் எல்லாச் சான்றிதழும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அரசு நடத்துகிற டைப்பிங் தேர்வு வேறு. லோயர் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் 45. நான் பிளஸ் டூ முடிப்பதற்குள் தமிழ் ஹையரும் இங்கிலீஷ் லோயரும் முடித்தேன். குரூப் 4இல் தட்டச்சர் வேலைக்கு அதுதான் என்னை உள்ளே விட்டது. காலையில் 6 மணி பேட்ச், ஒரு மணி நேரம்தான். பள்ளிக்கூடம் கெடாது. வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வு. அதில் சேர்த்துவிடுங்கள்.

கீழமாசி கணக்கு:

அது சரி தம்பி. டைப்பிங்குக்கு நானும் கட்டச் சொல்வேன்.

திருமங்கலம் ஹார்டுவேர்:

எல்லோருக்கும் நன்றி. சென்டரில் பணம் கட்டவில்லை. டைப்பிங்கில் சேர்த்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கடையில் மகளை உட்காரவைத்து, வைகாசி பில் கட்டு முழுவதையும் கொடுத்தேன். மத்தியானம் வரை எழுதினாள். கல்லாவில் இருக்க வேண்டிய பணத்துக்கும் இருந்த பணத்துக்கும் 9,340 ரூபாய் வித்தியாசம். "அப்பா, வீட்டுக்குப் பால், காய்கறி, என் டியூஷன் ஃபீஸ் எல்லாம் கல்லாவிலிருந்துதானே எடுத்தீங்க, அது எங்கே?" என்று கேட்டாள். 11 வருஷமாகக் கடை நடத்துகிறேன். அதை எழுத வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அது எந்தத் தலைப்பில் போகும் அக்கா?

கீழமாசி கணக்கு:

எடுப்புகள். உங்கள் பெயரிலேயே தனிப் பக்கம் போடச் சொல்லுங்கள். கடைச் செலவோடு அதைச் சேர்க்கக் கூடாது, வருஷக் கடைசியில், நீங்கள் கடையில் போட்ட முதலிலிருந்து கழிக்க வேண்டும். பிளஸ் ஒன் புத்தகத்திலேயே வரும். அவள் அந்தப் பாடத்துக்கு வரும்போது இந்த 9,340ஐ ஞாபகப்படுத்துங்கள்.