சியோனிசம் பற்றி யூதர்களே தங்களுக்குள் வாதாடக் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோயம்புத்தூர் (இழையைத் தொடங்கியவர்)

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தாலே யூதர் எல்லாரையும் ஒரு மூட்டையாகவும் பாலஸ்தீனர் எல்லாரையும் இன்னொரு மூட்டையாகவும் கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். வேலை விஷயமாக இஸ்ரேலின் ஹைஃபாவில் எட்டு மாதம் தங்கிய பிறகுதான், யூதர்களுக்குப் பாலஸ்தீன மண்ணில் சொந்தத் தாயகம் வேண்டும் என்ற இயக்கமான சியோனிசத்தை எதிர்த்து இவ்வளவு கடுமையாகப் பேசுகிறவர்கள் யூதர்களுக்குள்ளேயே உண்டு என்று தெரிந்தது. அந்தச் சண்டை இஸ்ரேலைவிட வயதில் மூத்தது. 1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முதல் சியோனிச மாநாடு கூடியது. அது முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள் அன்றைய ரஷ்யப் பேரரசின் வில்னாவில் யூதத் தொழிலாளர்கள் 'பண்ட்' என்ற கட்சியைத் தொடங்கிவிட்டார்கள். எங்கே வாழ்கிறோமோ அங்கேயே உரிமை கேட்போம், வேறு நாடு தேடிப் போக மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை.

இன்று ஜோர்டான் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஏறக்குறைய 70 லட்சம் யூதர்கள், ஏறக்குறைய அதே அளவு பாலஸ்தீனர்கள். இவர்கள் ஒரே நாட்டில் சமமாக வாழ முடியுமா என்ற கேள்வியைப் பற்றி யூதர்கள் பேசி நீங்கள் நேரில் கேட்டதை எழுதுங்கள். செய்தியில் படித்தது வேண்டாம்.

நாகர்கோவில் (முன்னாள் பராமரிப்பாளர்)

2012 முதல் 2018 வரை ஜெருசலேமில் ஒரு பாட்டியம்மாவோடு வீட்டோடு தங்கி வேலை பார்த்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள் அந்தக் காலத்தில் குடியேறிய ரெஹாவியா பகுதியில் வீடு. பாட்டி 1925 இல் பெர்லினில் பிறந்தவர், பத்து வயதில் அப்பா அம்மாவோடு அங்கே வந்துவிட்டார். ஹீப்ருவில் பாட்டியை 'சவ்தா' என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அந்த ஹீப்ருவையும் அந்த வீட்டு அடுப்படியில்தான் கற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சபாத், யூதர்களின் ஓய்வுநாள். அதற்குள் சமையலை முடித்து, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, பின்னல் போட்ட ஹல்லா ரொட்டியைத் துணியால் மூடி வைப்பேன். பிள்ளைகள் வருவார்கள். என்னையும் மேசையில்தான் உட்கார வைப்பார்கள். பேத்தி எப்போதும் தாமதமாக வருவாள். கிழக்கு ஜெருசலேமின் ஷேக் ஜர்ராவில் பாலஸ்தீனக் குடும்பங்களை வீட்டிலிருந்து வெளியேற்றுவதை எதிர்த்து வெள்ளிக்கிழமை தோறும் கொஞ்சம் பேர் நிற்பார்கள், அவள் அங்கே போய்விட்டு வருவாள். கையில் இருக்கும் தட்டியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பாள். பேரன் அப்போது ராணுவத்தில் இருந்தான். அவன் துப்பாக்கியைக் கொண்டு வந்து பாட்டியின் அலமாரி மேல் வைப்பான். நான் அந்த அறையைப் பெருக்கவே பயப்படுவேன்.

சூப் முடிவதற்குள் ஆரம்பித்துவிடும். "எல்லாருக்கும் ஒரே நாடு, ஒரே வாக்கு. இதைக் கேட்பதில் என்ன தப்பு?" என்பாள் அவள். அவன் ஒருநாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நாம் சிறுபான்மை ஆனால், அடுத்த முறை கப்பல் எங்கே போகும்?" 1939 இல் 'செயின்ட் லூயிஸ்' என்று ஒரு கப்பல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிய தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களோடு கியூபாவுக்குப் போனது, அங்கும் இறங்க விடவில்லை, அமெரிக்காவும் விடவில்லை, திரும்பவும் ஐரோப்பாவுக்கே வந்தது. அதைத்தான் சொன்னான். இருபது வயதுப் பையன், அவன் பிறப்பதற்கு அறுபது வருடம் முன்னால் நடந்ததை நேற்று நடந்தது போலப் பேசினான். அவளும் விடவில்லை. "அந்தக் கப்பலில் இருந்தவர்களின் வலி தெரிந்த நாம்தான் இன்னொரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துகிறோம்" என்றாள். இவர்களின் அப்பா, பாட்டியின் மகன், இரண்டுக்கும் நடுவில். தனித்தனியாகப் பிரிந்துவிடுவதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்பார். அவரை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

பாட்டி இந்தச் சண்டையில் சேர மாட்டார். ஒருநாள் ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது நானாகக் கேட்டேன், சவ்தா, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று. அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

அப்பா 'இஹூத்' என்ற குழுவின் கூட்டங்களுக்குப் போய்வந்தவராம். 1942 இல் தொடங்கியது. ஹீப்ரு பல்கலைக்கழகத்தை முதலிலிருந்து நடத்திய யூதா மாக்னஸ், தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் எல்லாம் அதில் இருந்தவர்கள். அவர்களும் தங்களைச் சியோனிசவாதிகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். யூதர்களுக்கு அந்த மண்ணோடு உறவு உண்டு, அங்கே அவர்கள் வர வேண்டும், ஆனால் யூத நாடு என்று ஒன்று வேண்டாம், அரபு மக்களோடு சேர்ந்து இரு தேசிய நாடு ஒன்றே போதும் என்பது அவர்கள் நிலைப்பாடு. அரபுப் பக்கத்தில் இதற்குக் கை கொடுக்க முன்வந்தவர் ஃபவ்சி தர்வீஷ் அல்-ஹுசைனி. 1946 நவம்பரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த மாதம் முடிவதற்குள் அவரை அரபுத் துப்பாக்கிக்காரர்களே சுட்டுக் கொன்றார்கள். அன்று அப்பா சாப்பிடவில்லை என்றார் பாட்டி.

"அப்பா சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த அதே வருடம் என் சித்தி பெர்லினில் இருந்தாள். எந்த நாடும் அவளுக்கு விசா கொடுக்கவில்லை." அவ்வளவுதான் சொன்னார். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் யாரையும் எனக்கு எதிரியாக நினைக்க முடியவில்லை. பேத்தி பேசினால் அவள் சொல்வது நியாயம் என்று மனசு சொல்லும், இப்போதும் சொல்கிறது. ஆனால் பாட்டியின் சித்தியையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

திருச்சி

அக்கா, படித்து முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு சந்தேகம். அந்த இரு தேசிய நாட்டில் யார் கை ஓங்கியிருக்கும் என்று நினைத்தார்கள்? அப்போது அரபு மக்கள்தானே எண்ணிக்கையில் அதிகம்?

நாகர்கோவில்

எண்ணிக்கை எப்படி இருந்தாலும் ஆட்சியில் இரண்டு மக்களுக்கும் சரிபாதி, ஒருவர் மற்றவரை ஆளக்கூடாது என்பது திட்டம் என்று பாட்டி சொன்னார். எத்தனை யூதர்களை உள்ளே விடுவது என்ற இடத்தில்தான் எல்லாம் உடைந்ததாம். கதவைத் திறந்தால் நாங்கள் சிறுபான்மை ஆகிவிடுவோம் என்று அரபு மக்கள் பயந்தார்கள். கதவை மூடினால் ஐரோப்பாவில் இருப்பவர்கள் சாவார்கள் என்று யூதர்கள் பயந்தார்கள்.

தஞ்சாவூர் (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

எனக்கு நேரடி அனுபவம் இல்லை. ஒரே ஒரு தகவல் மட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாலஸ்தீனத்தை என்ன செய்வது என்று பார்க்க 1947 இல் ஐ.நா. அமைத்த 11 நாடுகளின் குழுவில் ஏழு நாடுகள் பிரிவினை கேட்டன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் கூட்டாட்சி நாடு ஒன்று போதும் என்று தனி அறிக்கை கொடுத்தன. நாமே பிரிவினையில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

சென்னை (ஜெருசலேமில் ஆய்வு செய்தவர்)

வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக ஜெருசலேம் போயிருந்தேன். வலதுசாரி என்றால் பிரிவு, இடதுசாரி என்றால் ஒரே நாடு என்று ஒரு கணக்கு மனதில் வைத்திருந்தேன். அது உடைந்த நாளைச் சொல்கிறேன்.

2018 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் 'யூத தேசிய நாடு' சட்டம் 62க்கு 55 என்ற வாக்கில் நிறைவேறியது. அந்த நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே என்றது அது. அதுவரை ஆட்சிமொழியாக இருந்த அரபு, 'சிறப்புத் தகுதி' கொண்ட மொழியாக இறங்கியது. அந்த வாரம் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. எங்கள் பக்கத்து ஆய்வகப் பேராசிரியர் கிப்பா என்ற யூத மதத் தொப்பி அணிந்தவர், 1967 இல் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் யூதக் குடியேற்றம் ஒன்றில் வீடு. அவர் சொன்னார்: "நிலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரிக்க மாட்டோம் என்றால் அங்கே இருக்கும் மனிதர்களுக்குக் குடியுரிமை கொடுத்துத்தான் ஆக வேண்டும். வேறு எப்படி?" பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆன ரூவென் ரிவ்லின், வலதுசாரி லிக்குட் கட்சிக்காரர், 2010 வாக்கிலேயே இதே தொனியில் பேசியவர் என்றும் சொன்னார். எதிரில் இருந்த தொழில்நுட்ப உதவியாளர் அம்மா வாழ்நாள் முழுக்க இடதுசாரிக்கு வாக்குப் போட்டவர். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரே நாடு என்றால் முடிவில்லாத உள்நாட்டுப் போர், அவர்களுக்கு ஒரு நாடு கொடுங்கள், எங்களுக்கு ஒரு நாடு இருக்கட்டும் என்றார்.

எங்களோடு கிழக்கு ஜெருசலேமைச் சேர்ந்த பாலஸ்தீன மாணவன் ஒருவன் இருந்தான். இருவர் பேசுவதையும் கேட்டுக்கொண்டு சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். கடைசியில் பேராசிரியரைப் பார்த்து, "உங்கள் ஒரே நாட்டில் நான் லிஃப்தாவில் போய்க் குடியிருக்கலாமா?" என்று கேட்டான். லிஃப்தா ஜெருசலேம் நுழைவாயிலில் இருக்கும் கிராமம். 1948 இல் இஸ்ரேல் உருவான போர்க்காலத்தில் அங்கிருந்த பாலஸ்தீன மக்கள் வெளியேறியதோடு சரி, திரும்ப விடவில்லை. கல் வீடுகள் இன்னும் அப்படியே நிற்கின்றன, டெல் அவீவ் பேருந்தில் போனால் கண்ணில் படும். அவன் பாட்டி பிறந்த வீடு அங்கே.

பேராசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்துவிட்டு, "வாக்குரிமை வேறு, திரும்பி வருவது வேறு" என்றார். உதவியாளர் அம்மாவும் அந்த ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போனார். எனக்கு அங்கேதான் வலித்தது. யூதருக்கு இஸ்ரேலின் 1950 சட்டப்படி உலகின் எந்த மூலையிலிருந்தும் வந்து குடியேற உரிமை உண்டு. என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போக உரிமை இல்லை. நாடு ஒன்றா இரண்டா என்று கேட்பவர்கள் முதலில் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நியூ ஜெர்சி

சியோனிசத்தை எதிர்க்கும் யூதர் எல்லாரும் பாலஸ்தீனருக்கு ஆதரவு என்று நினைப்பதும் தவறு. நியூயார்க்கின் புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் பக்கம் சில வருடம் குடியிருந்தேன். அங்கே சத்மார் ஹசிதிகள் என்ற தீவிர மதப்பற்றுள்ள யூதப் பிரிவினர் அதிகம். மின்சாமான் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் பழக்கம். மெசியா என்ற மீட்பர் வரும் முன்னால் யூதர்கள் கூட்டமாகப் படையெடுத்து அந்த மண்ணைப் பிடிக்கக் கூடாது என்று யூத மத நூலான தல்முதில் ஆணை இருக்கிறது, அதை மீறியதுதான் இஸ்ரேல் என்பார். அப்படியானால் பாலஸ்தீனரோடு சேர்ந்து ஒரே நாடு சரியா என்று கேட்டேன். "எங்களுக்கு அரசே வேண்டாம் என்கிறேன், நீ எந்த அரசு என்று கேட்கிறாய்" என்றார்.

என் அலுவலகத் தோழி வேறு விதம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அவளுக்கு அங்கே உறவினர்கள் உண்டு, இரண்டு நாள் தூங்கவில்லை. அதே மாதம் 27 ஆம் தேதி, காசா மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் யூதர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்து "எங்கள் பெயரால் வேண்டாம்" என்றார்களே, அதில் அவளும் இருந்தாள். நூற்றுக்கணக்கில் கைது, அவளும் ஒருத்தி. பீட்டர் பைனார்ட் என்ற எழுத்தாளர், சபாத்தைத் தவறாமல் கடைப்பிடிக்கும் யூதர், 2020 இல் தனி யூத நாடு என்பதில் இனி நம்பிக்கை இல்லை, சம உரிமைதான் வழி என்று எழுதினார். அவள் மனம் மாறியது அந்தக் கட்டுரையில்தான். அவள் அப்பா அதே கட்டுரையை அச்செடுத்து, ஓரமெல்லாம் சிவப்பு மையில் மறுப்பு எழுதி அவளுக்குத் தபாலில் அனுப்பினார். அதை அவள் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

டொரண்டோ

நான் யாழ்ப்பாணம். எங்கட கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு யூதப் பெரியவர் இருக்கிறார். மனைவி இறந்த பிறகு பின்னேரங்களில் என்னோடு நடக்க வருவார். போன வருடம் ஒருநாள் கேட்டார்: "என் மகள் ஒரே நாடு, சம வாக்கு என்கிறாள். நீங்கள் அப்படி ஒரு நாட்டில் இருந்து வந்தவர்தானே. அங்கே என்ன நடந்தது?"

கேட்டதும் நான் நின்றுவிட்டேன். பிறகு சொன்னேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கும் வாக்கு இருந்தது, ஆனால் 1956 இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. பிரதமர் தமிழ்த் தலைவரோடு 1957 இல் செய்த ஒப்பந்தம் அடுத்த வருடமே கிழிந்தது. சிறுபான்மையைக் காக்க அரசியல் யாப்பில் 29(2) என்றொரு பிரிவு இருந்தது, 1972 யாப்பில் அதுவும் போய்விட்டது. அவர் தலையை ஆட்டினார், "அதுதான் நான் பயப்படுவது" என்றார்.

அப்போது நான் சொன்னேன்: ஐயா, இந்தக் கதையில் உங்கள் ஆட்களை நீங்கள் தமிழராக நினைக்கிறீர்கள். மேற்குக் கரைப் பாலஸ்தீனருக்கு இஸ்ரேல் தேர்தலில் இன்று அந்த வாக்குகூட இல்லை, அவர்களும் தங்களைத்தான் தமிழராக நினைப்பார்கள். அவர் கோபப்படவில்லை. அந்தப் பிரிவின் எண்ணை மறுபடி கேட்டு, கையில் இருந்த பத்திரிகையின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். மகளிடம் காட்ட வேண்டும் என்றார்.

நாகர்கோவில்

டொரண்டோ அண்ணா எழுதியதைப் படித்ததும் திரும்ப எழுதத் தோன்றியது. பாட்டி 2018 இல் இறந்தார், நான் ஊர் திரும்பிவிட்டேன். அக்டோபர் 7க்குப் பிறகு பேரனை மறுபடி ராணுவத்துக்கு அழைத்தார்கள். பேத்தி போரை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்றாள். ஒரு வருடத்துக்கு மேல் இருவரும் பேசவில்லை, அப்பா வாரம் மாற்றி வாரம் ஆளுக்கொரு வெள்ளிக்கிழமை என்று பிரித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் பேத்தி ஒரு படம் அனுப்பினாள். அதே மேசை, இரண்டு மெழுகுவர்த்தி, துணி மூடிய ரொட்டி. தட்டுகளை எண்ணிப் பார்த்தேன், ஐந்து. "அவன் வந்திருந்தான். சூப் வரைக்கும் சண்டை போடவில்லை" என்று எழுதியிருந்தாள்.