விபத்தானதும் டிரைவர் ஏன் 108-க்குப் போன் போட மாட்டேங்குறார்?

கேள்வி – மேலூர் லாரி செட்

கப்பலூர், வாடிப்பட்டி பக்கம் ஓடுற லோடு வண்டி டிரைவர்களுக்கு வகுப்பு எடுக்கணும். வண்டி தட்டுனதும் முதல் போன் ஓனருக்கு, ரெண்டாவது தெரிஞ்ச வக்கீலுக்கு. 108 நினைப்பு கடைசியிலதான். "உதவி பண்ணுங்கப்பா"ன்னா மண்டைய ஆட்டிட்டுப் போயிருவாங்க. எங்க தடங்கல், எதைச் சொன்னா வேலைக்காகும்?

பதில் – கிளெய்ம் மேஜை

அடி விழும்கிற பயம்தான் முதல்ல. அதைக் கேலி பண்ணாதீங்க, சட்டமே ஒத்துக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவுப்படி அடிபட்டவருக்கு வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்யறது டிரைவர் பொறுப்பு. கூட்டத்தோட ஆத்திரத்தாலயோ தன் கைமீறின காரணத்தாலயோ முடியலைன்னா விலக்கு உண்டு. ஆனா தள்ளிப் போய் நின்னாவது 108 அடிக்கலாமே. நிக்கவே முடியாதுன்னா நேரா ஸ்டேஷன். கடமையை மீறுனா 187-வது பிரிவுல 6 மாசம் வரை ஜெயில், இல்ல 5,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும்.

"ஓடுனா 10 வருஷம்"னு வாட்ஸ்அப்ல சுத்துறதை வகுப்புல சொல்லாதீங்க. 2024 ஜூலை 1-ல, ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தப்ப, அந்த 10 வருஷத்தைச் சொல்ற 106(2) பிரிவை மட்டும் நிறுத்தி வச்சுட்டாங்க. மிகையா மிரட்டுனா, எப்படியும் உள்ளதான்னு நினைச்சு ஓடத்தான் செய்வான்.

பதில் – ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்

ரத்தம் தெரியலைன்னா யாரும் கூப்பிடறதில்ல. தலையில அடிபட்டவர் எந்திரிச்சு உக்காந்து "ஒண்ணுமில்லண்ணே"ம்பார். மண்டையோட்டுக்குள்ள ரத்தம் கட்டுனா வாந்தியும் மயக்கமும் பிறகுதான் வரும். வயித்துல ஹேண்டில்பார் குத்துனாலும் அப்படித்தான், வெளிய சிராய்ப்புகூட இருக்காது. தலை, வயிறு, கொஞ்ச நேரம் நினைவு தப்புறது: இந்த மூணுல எது இருந்தாலும் யோசிக்காம 108.

அடுத்தது இடம். நாலுவழிச் சாலையில "திருமங்கலம் தாண்டி"ன்னா பத்தாது. ஆம்புலன்ஸ் மீடியனுக்கு (நடுத்தடுப்புக்கு) அந்தப் பக்கம் வந்துட்டா, அடுத்த திருப்பம் வரை போய்த்தான் திரும்பணும். மதுரைக்குப் போற பக்கமா, மதுரையில இருந்து வர்ற பக்கமான்னு முதல்ல சொல்லணும். கிலோமீட்டர் கல் நம்பர், பக்கத்துல பங்க் எது, எத்தனை பேர், பேசுறாங்களா, வண்டிக்குள்ள யாரும் சிக்கியிருக்காங்களா. அப்புறம் பைலட் (ஆம்புலன்ஸ் டிரைவர்) அதே நம்பருக்குத் திரும்பக் கூப்பிடுவார். அந்த நேரம் பார்த்து ஓனர்கிட்ட பேசிக்கிட்டிருந்தா லைன் பிஸிதான்! ஓனருக்கு வேற போன்ல பேசட்டும்.

பதில் – விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்

பேசி முடிச்சுக்கலாம்கிற ஆசைதான் இன்னொரு தடங்கல். கையில ரெண்டாயிரத்தைக் குடுத்து, ஆஸ்பத்திரியில "தானா விழுந்துட்டேன்"னு சொல்ல வைக்கிறது. ஆஸ்பத்திரியோட விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்துல அப்படியே பதிவாகும். பின்னாடி எலும்பு முறிவுன்னு தெரிஞ்சு கிளெய்ம் போட்டா, இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல நீட்டுறது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். தேர்டு பார்ட்டி பாலிசி கட்ட வேண்டிய காசு டிரைவர் தலையிலயோ ஓனர் தலையிலயோ விடியும்.

ஆஸ்பத்திரிச் செலவு நம்மளைச் சேரும்னு பயப்படுறவங்களுக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைச் சொல்லுங்க. 2021 டிசம்பர்ல இருந்து, முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியிலயும் திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாட்டியும் கிடைக்கும்.

லைசென்ஸ் இல்லாதவரும் குடிச்சிருக்கறவரும் எதைச் சொன்னாலும் கூப்பிட மாட்டாங்க. அதனால கிளீனரையும் வகுப்புல உக்கார வைங்க.

மேலூர் லாரி செட்

கிளீனருக்கு யோசிக்கவே இல்லைங்க, சேர்த்துக்கறேன். டிரைவர் மயங்கிட்டா அவர் போன் லாக்ல இருக்குமே?

ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்

லாக் திரையிலயே அவசர அழைப்புன்னு இருக்கும், பின் நம்பர் தேவையில்ல. அதுல 112 அடிங்க, இடத்தை மேல சொன்ன மாதிரியே சொல்லுங்க. சுங்கச்சாவடிச் சாலைன்னா தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-லயும் சொல்லி வைக்கலாம்.