பழனி பாதயாத்திரை: பாதத்தில் கொப்புளம், இன்னும் 60 கிலோமீட்டர் பாக்கி

கேள்வி
தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து நடந்து வர்ற குழு. நத்தம் தாண்டி இப்போ திண்டுக்கல்லில் தங்கியிருக்கோம். குழுவில் ஒருத்தர், வயசு 50, வெறுங்கால் நடை. இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில் இரண்டு ரூபாய் நாணய அளவுக்கு நீர்க்கொப்புளம். உடையலை, நீர் தெளிவா இருக்கு, ஊன்றினா வலி. நேத்திலிருந்து பாதத்தின் வெளி விளிம்பில் ஊன்றி நடக்கிறார். ஊசியில நூல் கோத்து உள்ளே விட்டு வைக்கச் சொல்றாங்க. செய்யலாமா? நாளைக்கு நடக்கலாமா?

வழித்துணை
முதல்ல, அவருக்குச் சர்க்கரை இருக்கா? இருந்தா ஊசி பக்கமே போகாதீங்க, நடையையும் நிறுத்திடுங்க. சர்க்கரைக்காரங்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கும். உள்ளே சீழ் பிடிச்சாலும் வலி தெரியாது.
நூல் எக்காரணம் கொண்டும் வேண்டாம். உள்ளே கிடக்கிற நூல் வழியா ரோட்டு அழுக்கு நேரா புண்ணுக்குள்ள போகும்.

கேட்டவர்
சர்க்கரை இல்லைங்க. போன மாசம்தான் பரிசோதனை பண்ணினார்.

வழித்துணை
அப்போ வடிக்கலாம். வலிக்காத சின்னக் கொப்புளத்தைத் தொடக்கூடாது. ஆனா ஊன்றுற இடத்தில் இவ்வளவு பெருசா இருந்தா எப்படியும் நடையில் கிழியும். அதுக்கு முன்னாடி நாமே வடிக்கிறது நல்லது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தா மட்டும் விட்டுடுங்க.
மருந்துக்கடையில் பிரிக்காத சிரிஞ்சு ஊசி ஒண்ணு வாங்குங்க. ஊக்கு வேண்டாம். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, பெட்டாடைன் தடவிக் காயவிடுங்க. கொப்புளத்தின் அடி ஓரத்தில், ஊசியைத் தோலோடு படுக்கவச்ச மாதிரி பிடிச்சு இரண்டு மூணு துளை. காஸ் துணியால மெதுவா அழுத்தினா நீர் வடிஞ்சிடும். மேல்தோலை மட்டும் வெட்டவோ உரிக்கவோ கூடாது. கடையில் விக்கிற எந்தக் கட்டும் அதுக்கு ஈடாகாது. விடியறதுக்குள்ள திரும்ப நீர் கோக்கும். அதே மாதிரி இன்னொரு தடவை வடிக்கலாம்.
பிறகு கொஞ்சம் வாசலின், மேலே ஒட்டாத காஸ். 5 மில்லிமீட்டர் ஃபோமை உளுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டை போட்டு வெட்டுங்க. ஓட்டை கொப்புளத்தைவிடச் சற்றுப் பெருசா இருக்கணும், அப்போதான் பாரம் சுத்தியிருக்கிற தோலுக்குப் போகும். அதுக்கு மேல பிளாஸ்டர். அதன் மூலைகளை வட்டமா வெட்டிடுங்க. கூர்மூலை முதல் கிலோமீட்டரிலேயே எழும்பிடும். பிளாஸ்டரை இழுத்து ஒட்டாதீங்க. வெறுங்காலா நடந்தா தார் ரோட்டு மணலில் அது அரை மணி கூடத் தாங்காது, மேலே பருத்திச் சாக்ஸ் போடச் சொல்லுங்க.

மஞ்சப்பை
ராத்திரி உப்பு வெந்நீரில் மணிக்கணக்கா கால் வைக்கிற பழக்கத்தையும் விடணும். பத்து நிமிஷம் போதும், உடனே துடைச்சிடணும். ஊறின தோல்தான் மறுநாள் சீக்கிரம் உரியும். கொப்புளம் வர்றதே ஈரத்தோல் ரோட்டோட ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகர்றதாலதான். விளக்கெண்ணெயும் அப்படித்தான்: முதல்ல வழுக்கும், நேரம் ஆக ஆகத் தோலை இளக்கிடும், பிளாஸ்டரும் ஒட்டாது.
விடியக்காலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்கு நிறுத்திடுங்க. வெயில் ஏறிட்டா ஓரத்து வெள்ளைக் கோட்டு மேல நடக்கலாம், கறுப்புத் தாரைவிடச் சூடு கம்மி. மண்ணில் இறங்கினா சீமைக்கருவேல முள் கிடக்கும். முனை உள்ளே ஒடிஞ்சா கொப்புளத்தைவிடப் பெரிய தொல்லை, டிடி ஊசியும் போடணும்.

எலும்புப்பிரிவு
கொப்புளத்தைவிட அந்த விளிம்பு நடைதான் எனக்குக் கவலை. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதை ஒரு விரலால அழுத்திப் பாருங்க. பாதத்தின் மேல்பக்கம் நீள எலும்புகளையும் ஒவ்வொண்ணா அழுத்துங்க. தசை வலி பரவலா இருக்கும், ஓய்வில் குறையும். ஒரே புள்ளியில் சுருக்குன்னு வலிச்சு, மேலே வீக்கமும் இருந்தா எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு மூணு வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், அதனால 'எக்ஸ்ரே சரியா இருக்கு'ன்னு நடக்கவிடாதீங்க. வலிக்குப் பாராசிட்டமால் போதும். தண்ணி குறைவா குடிச்சு நடக்கிறவருக்கு இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கேட்டவர்
நீர் வடிச்சாச்சு. அந்த முண்டில் தொட்டாலே காலை இழுத்துக்கிறார். மேலே லேசா வீக்கமும் இருக்கு.

எலும்புப்பிரிவு
அப்போ நடை இங்கேயே முடிஞ்சது. 10 சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜை விரல் அடியிலிருந்து கணுக்கால் வரை சுத்தி, காலை உயர்த்தி வச்சு, அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிட்டுப் போங்க. விரல் நுனி நீலமானா கட்டைத் தளர்த்துங்க. மருத்துவர் அனுமதிச்சா மத்தவங்க போய்ச் சேர்ற நாளில் பஸ்ஸில் பழனி வரட்டும், மலைக்கு விஞ்ச் இருக்கு. கொப்புளத்தைச் சுத்திச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே திரும்பக் காட்டுங்க.