காலேஜ் ஃபுட்பால் 25 டைனஸ்டி: ஆள் 93, லைன்ல நிக்க ஒருத்தனும் இல்ல, யார வெட்டுறது?

மன்னை பையன்:
அண்ணன்மாரே, பிஎஸ்5ல காலேஜ் ஃபுட்பால் 25ன்னு அமெரிக்கன் ஃபுட்பால் கேம், அதுல டைனஸ்டி ஆடுறேன் (ஒரு காலேஜ் டீம எடுத்து வருஷக்கணக்கா நடத்துற மோடு), ஒஹையோல இருக்குற கென்ட் ஸ்டேட் டீம், நாலாவது சீசன் இப்பதான் முடிஞ்சுது. மூணு வருஷமா புதுசா சேர வர்ற பசங்களுக்கு கேம் குடுக்குற ஸ்டார் பாத்தே ஆள் எடுத்தேன், 4 ஸ்டார் எவன் நம்ம பக்கம் திரும்புனாலும் ஆள் புடிக்க வாரத்துக்கு குடுக்குற ஹவர்ஸ் பூரா அவன் மேலயே கொட்டிருவேன். இப்ப ரோஸ்டர (டீம் ஆள் லிஸ்ட்ட) தொறந்தா 93 பேரு, 85க்கு கொண்டாரணும், 8 பேர வெட்டணும். பந்த தூக்கிப் போடுற குவார்ட்டர்பேக் மட்டும் 6 பேர் நிக்கிறானுவ. அவனுக்கு முன்னாடி காவல் நிக்கிற அஃபென்சிவ் லைன்ல ஆடுன 5 பேர்ல 4 பேர் சீனியர் (கடைசி வருஷம்), முடிச்சிட்டு போயிட்டானுவ, மிச்சமிருக்க சென்டர் (லைன் நடுவுல நிக்கிறவன்) 64 ஓவரால், அதான் மொத்த மார்க்கு. போதாக்குறைக்கு நான் மலபோல நம்புன ரெண்டு ரிசீவரு (பந்த புடிக்கிறவனுவ) போர்ட்டல்ல வேற காலேஜுக்கு போயிட்டானுவ, இத்தனைக்கும் 10 மேட்ச் ஜெயிச்சோம். டீம மாத்துன்னு மட்டும் சொல்லிடாதீங்க, இது மேல பாசம் வந்துருச்சு.

குடந்தை கேமர்:
தம்பி, மேட்ச் ஜெயிச்சா எல்லாரும் இருந்துருவாங்கன்னு இல்லப்பா. ஒவ்வொருத்தனுக்கும் டீல்பிரேக்கர்னு ஒண்ணு இருக்கும், ஒருத்தனுக்கு பிளேயிங் டைம், ஒருத்தனுக்கு வீட்டுக்குப் பக்கம், ஒருத்தனுக்கு சாம்பியன்ஷிப், அந்த கிரேடு அவன் கேக்குறதுக்கு கீழ எறங்குனா கெளம்பிடுவான். உன் ரிசீவருங்க டீல்பிரேக்கர் பிளேயிங் டைமா இருந்துருக்கும், ஒரே எடத்துக்கு அடுத்தடுத்து நல்ல ஆளா சேத்தா அந்த கிரேடு தானா விழும்.
நான் என்ன பண்ணுவேன்னா ஒரு நாப்பது பக்க நோட்டு எடுத்து குறுக்க ஃப்ரெஷ்மேன், சோஃபோமோர், ஜூனியர், சீனியர்னு மொத வருஷத்துலேருந்து நாலாவது வருஷம் வரைக்கும் நாலு கோடு, நெடுக்க பொசிஷன், எண்ணிக்கை மட்டும் பென்சில்ல எழுதுவேன். எந்த கட்டத்துல சைபர் இருக்கோ அங்கதான் ரெண்டு வருஷம் கழிச்சு அடி விழும். நம்மூரு பொங்கல் கபடிக்கு டீம் எடுக்குறப்ப ஏழு பேரும் பாடிப் போறவனாவே இருந்தா எதிர்ல வர்றவன யாரு புடிக்கிறது? அதே கணக்குதான். லைனுக்கு வருஷத்துக்கு 3 பேராவது எடு, ஸ்டார் 2 இருந்தாலும் சரி.

தேரடி திருவாரூர்:
வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாரு மாப்ள. ஆறு குவார்ட்டர்பேக்ல ஸ்பீடு நல்லா இருக்குற ரெண்டு பேர ரிசீவரா மாத்திடு, ஆஃப்சீசன்ல பொசிஷன் சேஞ்ச் வரும்ல அதுல. ஓவரால் எறங்கும், பரவால்ல. நீ எடுத்துருக்குறது எந்த டீமுன்னு தெரியும்ல, ஜூலியன் எடெல்மன் நெசமாவே கென்ட் ஸ்டேட் குவார்ட்டர்பேக்தான், அப்பறம் என்எஃப்எல் டீம் பேட்ரியட்ஸ்ல ரிசீவரா மாறி மூணு சூப்பர் பவுல் (என்எஃப்எல் ஃபைனல்) வாங்குனாரு, 2019 பிப்ரவரில ஜெயிச்சதுல எம்விபியும், அதான் மேட்ச்சோட சிறந்த ஆட்டக்காரரும், அவர்தான்.
வெட்டணும்னா சீனியர், நார்மல் டெவலப்மென்ட் (வளர்ற வேகம்), டெப்த் சார்ட்ல (யாரு மொதல்ல எறங்குறதுங்குற வரிசைல) நாலாவது ஆளு, அவன முதல்ல வெட்டு. ஓவரால் கம்மின்னு ஃப்ரெஷ்மேன வெட்டாத, அதுவும் டெவலப்மென்ட் ஸ்டாரோ எலைட்டோ, அதாவது வேகமா வளர்றவனா இருந்தா தொடவே தொடாத. லைன் பசங்களுக்கு நாள் ஆகும்டா, நெல்லுல ஏடிடி 43 போட்டா 110 நாள்ல அறுத்துடலாம், சிஆர் 1009க்கு அஞ்சு மாசம் காத்துதான் கெடக்கணும், அவசரப்பட்டா பதர்தான். ரெட்ஷர்ட் போட்டு (அந்த வருஷம் ஒக்கார வச்சு) வை, 4 மேட்ச் வரைக்கும் எறக்கலாம், அந்த வருஷம் கணக்குல போவாது.

குடந்தை கேமர்:
இன்னொண்ணு, ரெக்ரூட்டிங் போர்டுல (ஆள் புடிக்கிற லிஸ்ட்ல) 35 எடம் இருக்குன்னு 35 பேர் மேலயும் ஹவர்ஸ தூவாத. சென்ட் த ஹவுஸ், அதான் ஒருத்தன இழுக்க முழு பலத்தயும் எறக்குறது, 50 ஹவர்ஸ் தின்னும், சின்ன டீமுக்கு அது நாலஞ்சு பேருக்குத்தான் தாங்கும். அவனோட மோட்டிவேஷன் மூணும் (அவன் காலேஜ்ல எதிர்பாக்குறது) தெரிஞ்சு அதுல நம்ம கிரேடும் நல்லா இருந்தா அதையே சொல்லி இழுக்குற ஹார்ட் செல் போடு, 40தான். மொதல்ல ஸ்கவுட் பண்ணு (ஆள் எப்படின்னு சோதிச்சு பாரு), ஜெம்னு (ஸ்டார விட நல்லவன்னு) வந்த 2 ஸ்டார், பஸ்ட் ஆன (ஸ்டாருக்கு தகுதியில்லாத) 4 ஸ்டார விட மேல. நம்ம மேட்ச்ச பாக்க வர்ற விசிட்டுக்கு ஒரே வாரத்துல ரெண்டு டேக்கிள (லைன் ஓரத்துல நிக்கிறவன) கூப்டாத, ஒருத்தன ஒருத்தன் பாத்து மனசு குறையும், குவார்ட்டர்பேக் கூட ரிசீவர்னு சேத்து கூப்டு, கண்டிப்பா ஜெயிக்கிற மேட்ச் வாரமா பாத்துக்க.

மன்னை பையன்:
அண்ணே நைட்டு கரண்ட் வந்தோடனே உக்காந்து நோட்டு போட்டேன், லைன்ல சோஃபோமோர் கட்டம் பூரா சைபர்ண்ணே, பாத்ததும் வயித்த கலக்கிருச்சு. ரெண்டு குவார்ட்டர்பேக்க ரிசீவராக்கிட்டேன், ஒருத்தன் 78லேருந்து 69க்கு எறங்குனான், ஆனா ஸ்பீடு 92 இருக்கு. 4 சீனியர், 4 ஜூனியர வெட்டி 85 ஆச்சு, ஃப்ரெஷ்மேன் ஒருத்தனயும் தொடல. போர்டுல 11 லைன் பசங்க, அதுல ஒஹையோ பையன் ஒருத்தன் 2 ஸ்டார் கார்டு (guard, சென்டருக்குப் பக்கத்துல நிக்கிறவன்), ஜெம்னு பச்சையா வந்துச்சு, அவனுக்கு ஸ்காலர்ஷிப் குடுத்துட்டு ஹார்ட் செல் போட்டுருக்கேன், அவன் லிஸ்ட்ல மூணாவது எடத்துல இருக்கோம். விசிட்டுக்கு கூப்ட ஹோம் மேட்ச் 5வது வாரம்தான் வருது, அதுவரைக்கும் அவன் வேற எங்கயும் போவாம இருக்கணும்.