வார ஓய்வு உண்டு, எந்த நாள் என்றுதான் தெரியாது

காவலர் வீட்டுக்காரி:
என் கணவர் இரண்டாம் நிலைக் காவலர். பயிற்சிப் பள்ளி, ஆயுதப்படை எல்லாம் முடிந்து ஆறு மாதமாகக் காவல் நிலையத்தில் இருக்கிறார். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021இல் அரசாணையே வந்தது. பிறந்த நாளுக்கும் மண நாளுக்கும் விடுப்பு, காவல் வயர்லெஸ் மைக்கில் வாழ்த்து என்று அதே ஆண்டு டிஜிபியின் சுற்றறிக்கையும் சொன்னது. எங்கள் மண நாளுக்கு மைக்கில் வாழ்த்து வந்தது, உண்மைதான். அதை அவர் கேட்டது ஒரு சாலைச் சந்திப்பில், பந்தோபஸ்தில் நின்றபடி.

முன்னாள் ஏட்டு:
காக்கி போடும்போதே தெரிந்த விஷயம்தானே, அம்மா? என் மகளின் காதுகுத்தை நான் போட்டோவில்தான் பார்த்தேன். அரசாணை போட்டார்கள், ஆள் போட்டார்களா? நான் இருந்த நிலையத்தில் முப்பது பேர். கோர்ட், சம்மன், பாரா என்கிற நிலையக் காவல், கைதி வழிக்காவல், மருத்துவ விடுப்பு எல்லாம் போகக் காலை ரோல் காலில், அதாவது வருகைக் கணக்கெடுப்பில், நிற்பவர்கள் பன்னிரண்டு பேர். அதில் யாரை வீட்டுக்கு அனுப்புவது?

அம்பத்தூர் சி ஷிப்ட்:
ஐயா, தொழிற்சாலையில் நாங்களும் இரவில் கண் விழிக்கிறவர்கள்தான். ஆனால் அடுத்த மாதம் எந்த வாரம் இரவு என்று எங்கள் வீட்டுக் காலண்டரில் குறித்திருக்கும். மும்பையில் தேவ்னார் காவல் நிலையத்தில் 2016இல் எட்டு மணி நேர முறையைச் சோதித்துப் பார்த்தார்களே. யோசனை சொன்னவரே ஒரு கான்ஸ்டபிள்தான்.

முன்னாள் ஏட்டு:
தம்பி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரலாம், கலவரத்தை நிறுத்திவிட்டு வர முடியுமா? மத்திய அரசின் காவல் ஆராய்ச்சிப் பணியகம் 2014இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். நிலையப் பணியாளர்களில் சுமார் 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள் என்கிறது. மூன்று ஷிப்ட் வேண்டுமென்றால் இப்போதைய ஆள்பலம் ஏறத்தாழ 1.68 மடங்காக வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. இன்னொன்று. ஓய்வு வேண்டாம், மிகைநேர ஊதியம் போதும் என்று கேட்டு வாங்கும் பையன்களும் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் அப்படி.

காவலர் வீட்டுக்காரி:
கலவரத்துக்குப் போவதை நான் கேட்கவில்லை, ஐயா. திருவண்ணாமலை தீபம் என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. தேர்தல் தேதி வாரக்கணக்கில் முன்பே வருகிறது. அதற்கும் முந்தின நாள் இரவு பத்து மணிக்குத்தான் "காலையில் கிளம்பு" என்று போன் வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கட்டும். வியாழக்கிழமை அவர் எங்கே இருப்பார் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுங்கள் என்கிறேன். மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மூன்று முறை நாள் குறித்து மூன்றும் தவறிவிட்டது.

இருவரும் காக்கி:
சகோதரி சொல்வதில் பாதிதான் சரி. நானும் கணவரும் காவலர்கள். எங்களுக்கு நேரப் பட்டியல் முன்பே தெரிந்தும் பயனில்லை. அவருக்கு இரவு ரோந்து முடியும் நேரத்தில் எனக்கு ரோல் கால். நடுவில் குழந்தையை யார் பார்ப்பது? மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் காவலருக்குப் பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் இருக்கும் ஊரில் மூன்றாண்டு பணி என்று 2024 ஆகஸ்டில் முதல்வர் அறிவித்தார். எனக்கு அதுதான் பெரிது. பாட்டி பக்கத்தில் இருந்தால் எந்த ஷிப்டையும் சமாளித்துவிடுவேன்.

முன்னாள் ஏட்டு:
பஞ்சாங்கம் பற்றிச் சொன்னது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த நிலையத்திலிருந்து எத்தனை பேர் என்ற கணக்கு மேலிருந்து மாலையில்தான் வரும். ஆய்வாளருக்கே அப்போதுதான் தெரியும். நான் நிலைய எழுத்தராக இருந்தபோது ஓய்வுப் பட்டியலைப் பென்சிலில்தான் எழுதுவேன். பேனாவில் எழுதினால் அடித்து அடித்துத் தாளே அசிங்கமாகிவிடும்.

காவலர் வீட்டுக்காரி:
அசிங்கமாகவே இருக்கட்டும், ஐயா. எத்தனை ஓய்வு அடிபட்டது என்று மாதக் கடைசியில் எண்ணவாவது முடியும்.