மறு: டோக்கனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> "சொற்கூறு" போதுமே. "அசை" இன்னும் அழகு. எதற்கு வேறு சொல்?

வணக்கம்.

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் கையாளுகின்றன. அந்தத் துண்டுதான் டோக்கன். அசை அழகான சொல்தான். ஆனால் யாப்பு படித்தவருக்கு அசை என்றதும் நேர், நிரை நினைவுக்கு வரும். அங்கே ஒலியை வைத்துப் பிரிக்கிறோம். மொழி மாதிரிகளில் பிரிப்பு நடப்பது புழக்கத்தை வைத்து. பயிற்சி உரையில் எந்தத் துண்டுகள் அடிக்கடி அடுத்தடுத்து வருகின்றனவோ, அவை ஒட்டி ஒரே துண்டாகும். பிலிப் கேஜ் 1994-இல் தரவைச் சுருக்குவதற்காக வெளியிட்ட முறைதான் பிற்பாடு இதற்கும் கைகொடுத்தது. ஒலியும் இலக்கணமும் அதற்குத் தெரியாது.

சொற்கூறு என்பதில் எனக்குள்ள தயக்கம் இதைவிடப் பெரிது. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடு) த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். பல மாதிரிகள் பைட் அளவிலிருந்துதான் துண்டுகளைக் கட்டி மேலே வருகின்றன. பயிற்சி உரையில் தமிழ் குறைவாக இருந்தால் ஓர் எழுத்தே இரண்டு மூன்று துண்டாகிவிடும். ஆங்கிலத்திலோ ஒரு முழுச்சொல் ஒரே துண்டாக நிற்கும். எழுத்தைவிடச் சிறியதைச் சொல்லின் கூறு என்றால் புதிதாகப் படிப்பவர் குழம்புவார். படம், ஒலி ஆகியவற்றையும் இப்படித் துண்டாக்கும் மாதிரிகள் உண்டு. அங்கே சொல்லே கிடையாது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் என்று ஒதுக்க முடியவில்லை. ஆங்கிலம் சரளமாக வராத ஒருவர் ஆக்கச் செயற்கை நுண்ணறிவைப் படிக்கத் தொடங்கினால், முதல் நாளே கட்டணம், உள்ளீட்டு வரம்பு, பதிலின் நீளம் என எல்லாம் டோக்கன் கணக்கில்தான் வரும். "ஒரு டோக்கன் ஏறத்தாழ நான்கு எழுத்து" என்ற விதியை எங்காவது படிப்பார். அது ஆங்கிலத்துக்கான விதி. ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வந்தபோது, 2024-இல், அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில் ஒரு தமிழ் உரை முன்பு 116 டோக்கன், புதிய பிரிப்பில் 35. உரை மாறவில்லை, வெட்டும் இடம்தான் மாறியது. இதைப் புரிந்துகொண்டவருக்குத் தமிழில் கேட்டால் வரம்பு ஏன் சீக்கிரம் நிரம்புகிறது என்பதும் புரிந்துவிடும்.

ஆகவே வெட்டு என்ற செயல் பெயரிலேயே தெரியவேண்டும். என் பரிந்துரை: நறுக்கு. ஓலை நறுக்கு என்று பெயர்ச்சொல்லாக ஏற்கெனவே வழங்குவதுதான். குடும்பமும் இயல்பாக அமைகிறது. பிரிக்கும் நிரல் நறுக்கி, செயல் நறுக்கல், ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரி வைத்திருக்கும் எண் நறுக்கெண். "இந்த உரை எத்தனை நறுக்கு?" என்று கேட்டால் வாயில் தடையில்லாமல் வருகிறது. டோக்கன் என்றாலோ பலருக்கு வரிசைச் சீட்டுதான் தோன்றும்.

நறுக்கு ஏவல் வினையாகவும் இருப்பது குழப்பாதா என்று கேட்பீர்கள். வெட்டு, கட்டு, பூட்டு எல்லாம் அப்படித்தான், வாக்கியத்தில் யாரும் தடுமாறுவதில்லை.

அப்புறம் ஒன்று. பாடங்களில் முதல் தடவை வரும்போது "நறுக்கு, அதாவது டோக்கன்" என்று எழுதிவிட வேண்டும். கருவிகளின் திரையில் டோக்கன் என்றே இருக்கும், படிப்பவர் அதை அடையாளம் கண்டாக வேண்டும்.

"நறுக்கி" சமையல் கருவிபோல ஒலிக்கிறது என்று யாருக்காவது பட்டால் மாற்றுச் சொல் தாருங்கள். நறுக்கெண்ணில் எனக்கு ஐயமில்லை.